ஆபரேஷன் அன்று நோயாளிகள் செய்யும் தவறுகள்

"வெறும் வயிற்றோடு வாங்க" என்றால் சாப்பாடு மட்டும்தான் கூடாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர், காபி மட்டும்தான்" என்பார்கள். அந்த அரை டம்ளருக்காக ஆபரேஷன் பல மணி நேரம் தள்ளிப்போகும். சில சமயம் வேறு நாளுக்கே போய்விடும். சிக்கல் காபியில் இல்லை, அதில் விட்ட பாலில் இருக்கிறது. வயிற்று அமிலம் பட்டதும் பால் திரிந்து கட்டியாகிவிடும். அதன்பின் அதுவும் திட உணவுக் கணக்குதான்.

விழித்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலே புரையேறி, இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். முழு மயக்கத்தில் அந்த இருமல் வராது. வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலில் இறங்கினால் அமிலம் அங்கே புண்ணாக்கும். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். பொதுவான கணக்கு இது: பொரித்தது, இறைச்சி, கொழுப்பு மிகுந்தது என்றால் 8 மணி நேரம், லேசான உணவு, பால், பால் பவுடர் 6, தாய்ப்பால் 4, தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்ற தெளிந்த பானங்கள் 2. உங்களுக்கு மருத்துவமனை வேறு நேரம் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பயத்தில் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர்கூடத் தொடாமல் வந்துவிடுவார்கள். நா வறண்டு, தலை வலித்து, ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் துளை போட வேண்டியிருக்கும். குழந்தைகளும் முதியவர்களும் இதில் சீக்கிரம் தளர்ந்துவிடுவார்கள். அனுமதித்த நேரம் வரை தண்ணீர் குடிக்கலாம்.

சர்க்கரைக்கோ எடை குறையவோ வாரம் ஒருமுறை செமாக்ளுடைட் போன்ற ஊசி போடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். வயிறு காலியாவதையே அது மெதுவாக்கும்; 8 மணி நேரம் பட்டினி கிடந்தும் உள்ளே உணவு மிச்சமிருக்கலாம்.

மாத்திரை விஷயத்தில்தான் ஆளாளுக்கு ஒரு முடிவு எடுக்கிறார்கள். "வெறும் வயிறுன்னாங்க, அதனால எதையும் போடல" என்பது ஒரு வகை. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோபுரோலால், அட்டினலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும்; இவற்றை வழக்கமாக ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். அதே ரத்த அழுத்தத்துக்கான லோசார்டன், டெல்மிசார்டன், எனலாபிரில் வகையை முதல் நாளே நிறுத்தச் சொல்வதுண்டு. மயக்கத்தில் அழுத்தம் கிடுகிடுவென இறங்கிவிடும் என்பது காரணம். ஆக, "பிரஷர் மாத்திரை போடலாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மாத்திரை அட்டையையே காட்டிக் கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டையும் சுமார் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு இவை சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும்; சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும் என்பதால் சீக்கிரம் பிடிபடாது. இன்சுலினைத் தானாக முழுசாக நிறுத்துவதும் ஆபத்து, வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதும் ஆபத்து. அன்றைய அளவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளோபிடோக்ரலைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர் இதைக் கேள்விப்பட்டுத் தானே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். அந்த முடிவை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி எடுக்க வேண்டும்.

"முடியை நாமே எடுத்துட்டுப் போயிடலாம்" என்று வீட்டில் ரேஸர் பிடிப்பது வீண் வேலை, கெடுதலும்கூட. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். பிறகு அதே இடத்தில்தான் கத்தி வைப்பார்கள். தேவைப்பட்டால் அங்கேயே கிளிப்பரால், அதாவது முடி வெட்டும் மெஷினால் எடுப்பார்கள். குளித்துவிட்டுப் போவது நல்லது. பவுடர், கிரீம், எண்ணெய் வேண்டாம். மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டைகள் வழுக்கிக்கொண்டு வரும்.

நெயில் பாலிஷை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் விரலில் மாட்டும் கிளிப். அது ஒளியை விரல் வழியே பாய்ச்சி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. அடர்ந்த பூச்சு அந்த ஒளியைக் குழப்பும். கழற்ற வராத மோதிரத்தை முதல் நாளே சோப்பு போட்டு எடுத்துவிடுங்கள். டிரிப்ஸ் ஏறி விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். பல்செட், காண்டாக்ட் லென்ஸ் கூடாது. ஆடும் பல் இருந்தால் எந்தப் பல் என்று மயக்க மருத்துவரிடம் தொட்டுக் காட்டுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் வைக்கும்போது அது கழன்று உள்ளே போய்விடலாம். காது கேட்கும் கருவியை மட்டும் கடைசி வரை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கேள்விகள் ஏராளம் வரும்.

அந்தக் கேள்விகளில் பலருக்கு எரிச்சல். பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நர்ஸ் கேட்பார், மயக்க மருத்துவர் கேட்பார், தியேட்டர் வாசலில் இன்னொருவர் கேட்பார். "இவங்களுக்கே தெரியாதா?" என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல் இப்படித்தான் படிப்படியாகச் சரிபார்க்கச் சொல்கிறது. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் வெறுமனே தலையாட்டாதீர்கள், பதற்றத்தில் வேறு பெயருக்கும் தலை ஆடிவிடும். முழுப் பெயரை நீங்களே சொல்லுங்கள். பேனாவால் குறித்த இடம் சரியான காலில்தான் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

தேதி தள்ளிப்போகுமே என்று சளி, காய்ச்சலை மறைப்பது, காலையில் புகைத்த சிகரெட்டை மறைப்பது, ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததைச் சொல்லாமல் விடுவது, மூன்றும் மோசம். சொல்லிவிட்டால் மருந்தையும் முறையையும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. குறிப்பாக, சளி பிடித்த குழந்தைக்கு மயக்கத்தின்போது குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம்.

வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒரு மணி நேர ஆபரேஷன்" என்பது கத்தி வைத்ததிலிருந்து தையல் வரை. தயார்ப்படுத்த, மயக்கம் கொடுக்க, தெளிய வைத்துக் கண்காணிக்க என்று சேர்த்தால் 3 மணி நேரம் ஆவதும் சாதாரணம்.

ஆபரேஷன் முடிந்தபின், வலி உச்சத்துக்குப் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். முற்றிய வலியை அடக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும். வலியால் ஆழமாக மூச்சுவிடவும் இருமவும் முடியாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். அழுத்தினால் வலி மருந்து உள்ளே ஏறும் பொத்தானைக் கையில் கொடுத்திருந்தால் நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். தூங்குகிறாரே என்று உறவினர் பாசத்தில் அழுத்தினால் மருந்து அளவு மீறி மூச்சே மந்தமாகலாம். முதல்முறை எழும்போது நர்ஸைக் கூப்பிடுங்கள். முதுகில் ஊசி போட்டவர்களுக்குக் கால் மரத்திருப்பது தெரியாமல், இறங்கிய இடத்திலேயே மடிந்து விழுவது நடக்கும்.

அன்றே வீட்டுக்கு அனுப்பினாலும் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, மது கூடாது, முக்கியப் பத்திரங்களில் கையெழுத்து கூடாது. முதல் இரவு கூட ஒருவர் இருக்கட்டும். கட்டு நனையுமளவு ரத்தம், 38 டிகிரி செல்சியஸ் தாண்டும் காய்ச்சல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மணிக்கணக்காகச் சிறுநீர் போகாமல் வயிறு கனப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.