அயோவா மாநிலத்தின் கவுண்டி கோர்ட்ஹவுஸில் எந்தக் கதவைத் தட்டுவது?

கோர்ட்ஹவுஸ், அதாவது நீதிமன்றக் கட்டிடம், என்ற பெயரைப் பார்த்து, வழக்கு இருந்தால்தான் உள்ளே போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க மாநிலமான அயோவாவின் 99 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றான மேடிசனை எடுத்துக்கொள்வோம். விண்டர்செட் ஊர் நடுவே 1870களில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய கோர்ட்ஹவுஸ் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்கு நிலம், வரி, வண்டிப் பதிவு என்று வருபவர்களும் உண்டு.

நிலம் பற்றி விசாரிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதன் விவரணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 'வடமேற்குக் கால், தென்மேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 75 வடக்கு, ரேஞ்ச் 28 மேற்கு' என்று இருந்தால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தில் 1815-இல் குறித்த ஒரு புள்ளிதான் தொடக்கம். அங்கிருந்து வடக்கே 75ஆவது வரிசை, மேற்கே 28ஆவது பத்தி, ஒவ்வொன்றும் 6 மைல். டவுன்ஷிப் எனப்படும் அந்த 6 மைல் சதுரத்துக்குள் 36 செக்‌ஷன்கள். எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், ஏர் மாடு திரும்புகிற மாதிரியேதான். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால் 160, அந்தக் காலில் கால் 40. ஆனால் பூமி உருண்டை என்பதால் வரும் மிச்சத்தையும் குறையையும் டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரங்களில்தான் தள்ளிவிட்டார்கள்; அந்த ஓரத்து நிலம் என்றால் 40 ஏக்கர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மைலுக்கு ஒன்றாக நேர்கோட்டில் போகும் சரளைச் சாலைகள் பெரும்பாலும் இந்தச் செக்‌ஷன் கோடுகளில்தான் ஓடுகின்றன.

சரி, இனி கதவுகள். பத்திரம் பதிவாவது ரெக்கார்டரிடம். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும் மீன்பிடி உரிமமும்கூட அங்கேதான். பழைய பத்திரங்களைப் பெயரை வைத்துத் தேட வேண்டியிருக்கும் என்பதால், இன்றைய உரிமையாளர் யார் என்று, சொத்துக்கு மதிப்புப் போடும் அசெசரின் பதிவில் முதலில் பார்த்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். ஆடிட்டர் என்றதும் கணக்குத் தணிக்கை என்று தோன்றும், ஆனால் தேர்தல் நடத்துவதும் நில மாற்றங்களைக் குறித்துவைப்பதும் அவர்தான். சொத்து வரியும் வண்டிப் பதிவும் ட்ரெஷரரிடம். வரியில் பாதி செப்டம்பருக்குள், மீதி மார்ச்சுக்குள். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் ட்ரெஷரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, ஏப்ரல் 2 முதல் 30-க்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வழக்குக் கோப்பு வேண்டுமா? கிளார்க் ஆஃப் கோர்ட்டிடம் கேளுங்கள், அவர் கவுண்டி ஆள் இல்லை, மாநில நீதித்துறை ஆள்.

சாலை, பட்ஜெட் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கவுண்டியை நிர்வகிக்கும் குழுவான போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் கூட்டத்துக்கே போகலாம். நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். பக்கத்து நிலத்துக்காரரோடு வேலித் தகராறு என்றால் மட்டும் கோர்ட்ஹவுஸுக்கு ஓடாதீர்கள், அதைப் பார்த்துச் சொல்வது டவுன்ஷிப்பின் பொறுப்பாளர்களான டிரஸ்டிகளின் வேலை.