சிங்கப்பூர் – ஜொகூர் பாரு: குழுவாக பஸ்ஸில் போகிறீர்களா?

ஜொகூர் பாரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய நகரம். இந்தியாவிலிருந்து வந்த குழு என்றால் முதலில் ஒவ்வொருவரின் சிங்கப்பூர் விசாவையும் பாருங்கள். ஒருமுறை நுழைவு மட்டும் என்றிருந்தால் மலேசியாவுக்குப் போகலாம், திரும்ப முடியாது. எல்லோருக்கும் பலமுறை நுழையும் 'மல்டிபிள்' விசா இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையும் புதிதாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதைத்தான். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. பாஸ்போர்ட் எண்ணில் 'ஓ'வும் பூஜ்யமும் மாறினால் கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸில் ஒருமுறை, பாலம் தாண்டி ஜொகூரில் ஒருமுறை என இரண்டு இடத்தில் குடிநுழைவுச் சோதனைக்கு இறங்க வேண்டும். பைகளை பஸ்ஸில் விடாதீர்கள். 160, 170, 950 போன்ற பொது பஸ்கள் உங்களுக்காகக் காத்திருக்காது; அடுத்து வரும் அதே எண் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அதனால் வரிசையில் நிற்கும் முன்பே, வெளியே எந்த எண் பலகைக்கு அடியில் கூடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். முதியவர்களோடு ஒருவர் கடைசியில் வரட்டும்.

வெள்ளி மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் மணிக்கணக்கில் நெரியும். சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்போது சூயிங்கம், மின்சிகரெட் வேண்டவே வேண்டாம். சிகரெட்டுக்கு ஒரு பெட்டிக்குக்கூட வரிவிலக்கு கிடையாது.