முதல் ஆற்றுப் பயணம்: கயாக் வாடகைக்கு எடுப்பது எப்படி?

கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு. அந்தப் படகைப் பார்க்கும் முன் ஆற்றை விசாரியுங்கள். ஆற்றின் ஓட்டத்தை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு மிக அமைதியான 1-ஆம் தரம்தான் சரி. மழை பெய்து தண்ணீர் ஏறிவிட்டால் பழகிய ஆறும் ஆபத்தாகிவிடும். அதனால் முந்தின நாளே கடைக்குப் போன் போட்டு, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத கடைக்காரரை நான் முழுதாக நம்புவேன்.

அடுத்து, எங்கே கரையேறப் போகிறீர்கள்? ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்புவது புதியவர்களால் ஆகிற காரியமில்லை. கீழே கரையேறும் இடத்திலிருந்து திரும்பி வர வண்டி உண்டா, அதுவும் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும்.

படகில் இரண்டு வகை: மேலே உட்காருவது, உள்ளே கால் நுழைத்து உட்காருவது. முதல் வகையையே எடுங்கள். கவிழ்ந்தாலும் உள்ளே சிக்க மாட்டீர்கள், ஏறிய தண்ணீரும் அடியிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். படகு தாங்கும் எடையைக் கேளுங்கள், பைகளையும் சேர்த்துத்தான் கணக்கு. ஏற்கெனவே கீறல் இருந்தால் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். நீச்சல் தெரிந்தவரும் கழற்றக் கூடாது.

அப்புறம் படகில் பாதத்தை ஊன்றிக்கொள்ளும் கால்மிதியைச் சரிசெய்யுங்கள்; முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். துடுப்பின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். கையால் மட்டும் இழுத்தால் தோள் சீக்கிரம் வலிக்கும், இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள்.

வழியில் தடுப்பணை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அதன் அடியில் சுழலும் தண்ணீர் ஆளை வெளியே விடாது. அதற்கு வெகுமுன்பே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட வேண்டும். விழுந்து கிடக்கும் மரங்களை விட்டும் விலகியே போங்கள். ஓட்டத்தில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் போக்கில் முன்னே நீட்டி மிதந்தபடி, கைகளால் துழாவிக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள்.