சந்தில் முளைத்த வல்லாரையைச் சட்டியில் வளர்ப்பது எப்படி

சித்திரை பிறந்துவிட்டால் செந்தூலில் மதியம் மூன்று மணிக்குமேல் துணி காயப்போட முடியாது. காற்று திசை மாறும் மார்ச் கடைசியிலிருந்து மே வரை கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை வழக்கமானது. அந்த மழைக்கு எங்கள் வீட்டுப் பின்சந்தில் வல்லாரை பாய் விரித்த மாதிரி படரும். பறித்துச் சமைக்கலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: சந்திலிருந்து கொடியை எடுங்கள், கீரையை எடுக்காதீர்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வேலை முடிந்து வரும்போது மடியில் ஏதாவது கீரை இருக்கும். ஆனால் புல்லுக்கு மருந்து அடித்த நிரைப் பக்கம் போகவே மாட்டார். எந்த நிரையில் எப்போது அடித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். நகரத்துச் சந்தில் நமக்கு அது தெரியாது. மழையில் கால்வாய் நிரம்பி வழிந்தால் எலி மூத்திரமும் அதோடு வரும்.

முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். வல்லாரை இலையில் காம்பு சேரும் இடம் உள்வாங்கிப் பிளந்திருக்கும், ஓரம் மழுங்கிய பல் போல நெளிந்திருக்கும். அழகுக்காகத் தொட்டித் தண்ணீரில் வளர்க்கிற காசு இலைச் செடியில், குடைக்குக் கம்பி போல, காம்பு இலையின் நடுவில் போய்ச் சேரும். அது வேறு செடி. இலையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள், வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு சாண் கொடி போதும். இரண்டு மூன்று கணுவில் வேர் இறங்கியிருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, பழைய இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, வேரில் ஒட்டிய மண் போகும்வரை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. கொடியை மண்மேல் கிடத்தி, ஈர்க்குச்சியை வளைத்து ஒவ்வொரு கணுவுக்கும் பக்கத்தில் குத்திவிடுங்கள். புதைக்க வேண்டாம், அழுகிவிடும். காலை வெயில் படுகிற, கூரைத் தண்ணீர் நேராகக் கொட்டாத இடமாக வையுங்கள். மேலே கொஞ்சம் தேங்காய் நார் பரப்பினால் மழை அடித்தாலும் மண் இலைமேல் தெறிக்காது.

மழை மாதத்தில் செடி வாடிச் சாவது குறைவு, தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். நான் இரண்டு முருங்கைப் போத்தை அப்படித்தான் இழந்தேன். வெட்டிய அன்றே ஈர மண்ணில் நட்டது தப்பு. மூன்றாவதை மூன்று நாள் நிழலில் காயவைத்து, வெட்டுவாய் உலர்ந்தபிறகு நட்டேன், தண்ணீர் ஊற்றவே இல்லை. துளிர்த்தது. சட்டிக்கு அடியில் மட்டுமல்ல, பக்கத்திலும் ஒரு விரல் உயரத்தில் துளை போட்டுச் செங்கல்மேல் வையுங்கள்.

அடித்தட்டு வேண்டவே வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மலேசியாவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசு உற்பத்தியாக இடம் கொடுத்தால் அபராதமும் உண்டு.

அப்புறம் சட்டியில் வைக்க இன்னொரு கீரை, மலாயில் செக்குர் மானிஸ் என்கிற நம் தவசிக்கீரை. குச்சியை ஒடித்து நட்டாலே வரும். ஆனால் வேகவைத்தே சாப்பிடுங்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க இதன் பச்சைச் சாற்றைக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

வல்லாரையை ஒன்றரை மாதம் பொறுத்து அறுக்கலாம். வெளி இலையைக் காம்போடு வெட்டி, நடுத்துளிரை விட்டுவிடுங்கள். இரவில் நத்தை ஊர்ந்த வெள்ளைத் தடம் தெரிந்தால் அன்றைக்குப் பச்சையாகப் பிசைகிற சம்பல் கிடையாது, ஏனென்றால் நத்தை வழியாக எலியின் நுரையீரல் புழு மனிதனுக்கு வரும். அந்தக் கீரையை நன்றாக வேகவிட்டுப் பருப்பில் போட்டுவிடுவேன். தடம் இல்லாத நாளில், ஒவ்வொரு இலையாகக் கழுவி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை விட்டுப் பிசைந்தால் சம்பல் தயார்.