பிளக்கின் டைரக்டரியில் தேடினால் கிடைக்கச் செய்வது எப்படி

மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்கின்களைத் தொகுத்துத் தரும் டைரக்டரியை நடத்துகிறீர்களா? தேடல் பெட்டியின் தோற்றத்தில் கை வைக்கும் முன், என்னென்ன தேடப்பட்டது என்று காட்டும் தேடல் பதிவைத் திறந்து பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒரு முடிவும் வராத தேடல்களைத் தனியே பிரித்து, அடிக்கடி வந்த முதல் 50-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பெரும்பாலானவை எழுத்துப்பிழையாக இருக்கும், அல்லது பிளக்கினை எழுதியவர் பயன்படுத்தாத வேறு சொல்லாக இருக்கும். மிச்சம், டைரக்டரியில் உண்மையிலேயே இல்லாதவை.

எழுத்துப்பிழையைச் சரிசெய்வது எளிது. உங்கள் தேடல் எஞ்சின் எலாஸ்டிக்சர்ச் என்றால், எத்தனை எழுத்துப்பிழையைப் பொறுப்பது என்று சொல்லும் ஃபஸினெஸை ‘ஆட்டோ’வில் வையுங்கள். 2 எழுத்து வரையிலான சொல் அப்படியே பொருந்த வேண்டும். 3 முதல் 5 எழுத்து வரை ஒரு பிழையையும், அதற்கு மேல் இரண்டு பிழைகளையும் அது பொறுத்துக்கொள்ளும். சிறிய டைரக்டரிக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டிரைகிராம் தேடலே (சொற்களை மும்மூன்று எழுத்தாக வெட்டி ஒப்பிடுவது) தாராளம்.

மாற்றுச்சொற்களில்தான் கவனம் தேவை. இருவழியாக இணைத்தால் முடிவுகள் குழம்பும். ‘எஸ்எம்டிபி’ (மெயில் அனுப்பும் நெறிமுறை) என்று தேடுபவருக்கு மெயில் அனுப்பும் பிளக்கின்கள் எல்லாம் வரலாம். ‘மெயில்’ என்று தேடுபவருக்கு எஸ்எம்டிபி பிளக்கின்களாகவே வந்து குவியக் கூடாது. இத்தகைய சொற்களை ஒருவழியாக மட்டும் இணையுங்கள்.

அடுத்தது எடை, அதாவது தேடிய சொல் எந்த இடத்தில் இருந்தால் எவ்வளவு மதிப்பு என்பது. பெயருக்கு 5, டேகுக்கு 3, ஒருவரி விளக்கத்துக்கு 2, நீண்ட விளக்கத்துக்கு 1 என்று தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்தால் என்ன ஆகும்? ‘வூகாமர்ஸுடன் இயங்கும்’ என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிய அத்தனை பிளக்கின்களும், வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை பிளக்கினைத் தேடும்போது வந்து நிற்கும். தேடியது எங்கோ கீழே கிடக்கும். முழுப் பெயரையும் சரியாகத் தட்டியவருக்கு அந்தப் பிளக்கின் முதலிடத்தில் வந்தே ஆக வேண்டும். அதற்குத் தனி விதி எழுதுங்கள், எடையை நம்பி விடாதீர்கள். டேகுக்கும் வரம்பு வேண்டும்; வேர்ட்பிரஸ் டைரக்டரி 5 டேகுகளோடு நிறுத்திக்கொள்வது நல்ல அளவு.

நட்சத்திரச் சராசரியை நேரடியாக வைத்து வரிசைப்படுத்துவது நியாயமே அல்ல. இரண்டே பேர் 5 கொடுத்த பிளக்கின், 200 பேர் சேர்ந்து 4.6 கொடுத்ததை முந்திவிடும். ஒவ்வொன்றுக்கும் டைரக்டரியின் பொதுச் சராசரியில், 3.8 என்று வைத்துக்கொள்வோம், 10 கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதலாவது 4.0-க்கு இறங்கும், இரண்டாவது 4.56-இல் நிற்கும். நிறுவல் எண்ணிக்கையையும் அப்படியே சேர்க்காமல் அதன் லாகரிதத்தைச் சேர்த்தால், பத்து லட்சம் நிறுவல் உள்ளது ஆயிரம் உள்ளதை ஒரேயடியாக அமுக்கிவிடாது. புதிதாக எழுதுபவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

தேடாமல் மேய்பவர்களுக்கு, வகைகளைத் தொழில்நுட்பத்தின் பெயரால் பிரிக்காமல் செய்ய வேண்டிய வேலையின் பெயரால் பிரியுங்கள்: ‘படங்களைச் சுருக்க’, ‘பேக்கப் எடுக்க’. ஃபில்டர்களில் முதலில் வேண்டியது ‘என் பதிப்பில் இயங்குமா’ என்பது. ஒவ்வொரு ஃபில்டருக்கும் பக்கத்தில் எத்தனை முடிவு மிஞ்சும் என்று காட்டினால் யாரும் வெறும் பக்கத்தில் போய் நிற்க மாட்டார்கள். தேர்ந்தெடுத்த ஃபில்டர்கள் யூஆர்எல்லில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஒரு பிளக்கினைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்ததும் எல்லாம் அழிந்திருக்கும்.

எடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க, 30 தேடல்களையும் அவற்றுக்கு முதல் மூன்றில் வர வேண்டிய பிளக்கின்களையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஒரு தேடலைச் சரிசெய்யப் போய் வேறு நான்கு கெட்டிருந்தால், வெளியிடும் முன்பே தெரிந்துவிடும்.