மிக்ஸி ஓடும்போது மட்டும் ஷாக் அடித்த பிரிட்ஜ்: கடலோர வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் பிடிக்கும் முறை

"மிக்ஸி போட்டா பிரிட்ஜு சுள்ளுங்குதுப்பா. மிக்ஸிய நிறுத்துனா ஒண்ணுமில்ல." போன பங்குனியில் அம்மா இப்படிச் சொன்னதும் நான் முதலில் கூப்பிட்டது பிரிட்ஜ் மெக்கானிக்கை. பிரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையான கோளாறு அதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்கியது. கார்த்திகை மழையில் பாதி வீட்டுக்குக் கரண்ட் போனபோது ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். பத்தே நிமிடத்தில் லைட் எரிந்தது, காசு வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்று நான் கூடப் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், மணல் மேட்டில் இருக்கிறது. கடல் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்தக் கரையில் ஒயரிங் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நான் பட்டதைப் படக்கூடாது என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். எர்த், நியூட்ரல் பற்றிய ஆறாவது படி நீளமாக இருக்கும். வேறு எதைத் தாண்டினாலும் அதை மட்டும் தாண்டாதீர்கள்.

படி 1: வேலை ஈபியுடையதா, உங்களுடையதா?

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி உள்ளே வருவதெல்லாம் நம் பொறுப்பு. பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லையா, உங்கள் வீட்டில் மட்டும் இல்லையா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் தீப்பொறி தெரிந்தாலோ, மூன்று பேஸ் வீட்டில் சில லைட் கண்ணைக் கூசும்படியும் சில லைட் மங்கலாகவும் எரிந்தாலோ, உடனே மெயினை நிறுத்திவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய இந்த எண்ணில் எந்நேரமும் புகார் எடுத்துக்கொள்கிறார்கள்.

உப்புக்காற்றில் கம்பத்து ஜாயிண்ட் அரித்துப்போவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அதைச் சரிசெய்யத் தனியார் ஆளைக் கம்பத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். "நானே ஏறிப் பார்த்துடுறேன்" என்று அவரே சொன்னாலும் வேண்டாம்.

படி 2: குறையை எழுதி வையுங்கள்

எந்த அறை, எந்த சுவிட்ச், எப்போது, எந்தச் சாமான் ஓடும்போது என்று ஒரு தாளில் குறித்தால் போதும். அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் எங்கள் வீட்டில் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. "வீட்டுல எங்கேயோ ஷாக் அடிக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தால் சுவரை உடைத்துத் தேடியிருப்போம்.

படி 3: ஆளை எங்கே தேடுவது?

எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் கேட்பது எல்லோரும் செய்வது. கேட்கலாம். ஆனால் அவர் சொல்லும் ஆள் அவர் கடையில் நிறையச் சாமான் வாங்குகிறவராக இருப்பார், வேலை எப்படி என்பது அதில் தெரியாது. நான் இப்போது செய்வது வேறு. ஐந்து வருடத்துக்கு முன்னால் வீடு கட்டியவர்களிடம் போய், "ஒயரிங் பண்ணினவர் அப்புறம் கூப்பிட்டா வர்றாரா?" என்று கேட்கிறேன். கடற்கரை ஒயரிங்கின் லட்சணம் முதல் வருடத்தில் தெரியாது. நாலைந்து மழை பார்த்த வீடாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எலக்ட்ரீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள் எர்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கோளாறைக் கண்டுபிடித்த அண்ணனும் அப்படி வந்தவர்தான், அதற்கு முன்னால் பரமக்குடி ஐடிஐயில் படித்தவர்.

சின்ன ரிப்பேர் என்றால் மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு முழுக்க ஒயரிங் மாற்றுவது, புது இணைப்பு, கூடுதல் லோடு என்றால் மின் ஒப்பந்ததாரர் உரிமம் உள்ளவர்தான் வேண்டும். இரண்டையும் கொடுப்பது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். "அண்ணே, கார்டு ஒரு காப்பி கிடைக்குமா, வீட்டுப் பேப்பரோட வச்சுக்கிறேன்" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

படி 4: போனிலேயே இரண்டு கேள்வி

ஒன்று: "கிளாம்ப் மீட்டர் கொண்டு வருவீங்களா?" இரண்டு: "ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" (ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச், ஏழாவது படியில் வருகிறது.)

முதல் கேள்விக்கு "டெஸ்டர் இருக்கு, போதும்" என்று பதில் வந்தால் நான் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். நியான் டெஸ்டர் பேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். நியூட்ரல் அறுந்திருப்பதையோ, எர்த் வேலை செய்யாததையோ, எந்த ஒயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதையோ அது சொல்லாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும், ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் கட்டாயம். ஒயரின் மேலுறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெகரும் வைத்திருந்தால் அந்த ஆளை விடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு "எங்க லீக் ஆகுதுன்னு ஒவ்வொரு லைனா கழட்டிப் பார்ப்பேன்" என்பது சரியான பதில். "அதைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்றால் அவர் வேண்டாம்.

படி 5: கூலியும் சாமானும்

புது ஒயரிங்குக்குப் பாயிண்ட் கணக்கு (ஒவ்வொரு லைட், பேன், பிளக் இணைப்புக்கும் இவ்வளவு என்று) நல்லது, கோளாறு தேடும் வேலைக்கு நாள் கூலி நல்லது. தேடும் வேலையைப் பாயிண்ட் கணக்கில் பேசினால் அவசரமாக முடிக்கத்தான் பார்ப்பார். ஒரு பாயிண்ட்டில் என்னென்ன அடங்கும், சுவர் வெட்டிப் பூசுவது யார் வேலை என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

சாமானை நான் கூடப் போய் வாங்குவேன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள காப்பர் ஒயர். லைட், பேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் (கம்பியின் கனம், சதுர மில்லிமீட்டரில்), பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் ஹீட்டருக்கும் நாலு. எனக்குப் பினோலெக்ஸ் பழகிவிட்டது, வேறு நல்ல கம்பெனியும் தாராளமாக வாங்கலாம். பணத்தை அலங்கார சுவிட்சில் மிச்சம் பிடியுங்கள், ஒயரில் பிடிக்காதீர்கள்.

கடலோரத்துக்கென்று மூன்று விஷயம். சுவருக்குள் புதைக்கும் இரும்புப் பெட்டி நம் ஊரில் துருப்பிடித்து உதிர்ந்துவிடுகிறது, பிவிசி பெட்டி கேளுங்கள். திருகாணி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் பக்கம் வெளிச்சுவரில் போர்டே வைக்காதீர்கள், வைத்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் புகாத மூடி போட்ட பெட்டி.

படி 6: எர்த்தும் நியூட்ரலும்

இங்கேதான் நான் ஏமாந்தேன்.

ஒரு லைட் எரிய இரண்டு ஒயர் வேண்டும். பேஸ் கரண்டைக் கொண்டுவருகிறது, நியூட்ரல் திரும்பக் கொண்டுபோகிறது. மூன்றாவது ஒயரான எர்த்தில் சாதாரணமாகக் கரண்ட் ஓடவே கூடாது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் உடம்பை அது மண்ணோடு இணைத்து வைத்திருக்கும். கோளாறு வந்தால் கரண்டை மண்ணுக்குக் கடத்துவதுதான் அதன் வேலை.

கார்த்திகையில் எங்கள் வீட்டில் நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தது. வந்தவர் அதைத் தேடவில்லை. பிளக்கில் பக்கத்திலேயே இருந்த எர்த் ஒயரை எடுத்து நியூட்ரலாகக் கொடுத்துவிட்டார். லைட் எரிந்தது, பேன் ஓடியது. மழைக்காலமானதால் எர்த் ஒயர் மண்ணுக்குள் போய்ச் சேரும் எர்த் குழி ஈரமாக இருந்தது, திரும்பிப் போகும் கரண்ட் மண்ணுக்குள் சுலபமாக இறங்கியது. பங்குனியில் மணல் காய்ந்தது. கரண்ட் இறங்க வழியில்லாமல் எர்த் ஒயரிலேயே ஏறி நின்றது. அந்த ஒயர் தொட்டுக்கொண்டிருந்த சாமான் எல்லாவற்றிலும் கரண்ட் வந்தது. லைட்டும் பேனும் கொஞ்சம்தான் இழுக்கும், அதனால் தெரியவில்லை. மிக்ஸி அதிகம் இழுக்கும். மிக்ஸி முக்கி முக்கி ஓடியது, வெறுங்காலோடு பிரிட்ஜைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்தது.

இரண்டாவதாக வந்த அண்ணன் சுவரைத் தொடவே இல்லை. மிக்ஸியை ஓடவிடச் சொன்னார். குழிக்குப் போகும் எர்த் ஒயரைக் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டு என்னிடம் காட்டினார்: 1.9 ஆம்பியர். "இதுல பூச்சியம் காட்டணும் தம்பி." அப்புறம் மெயினில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தார். 95 வோல்ட். "95-ஐ 1.9-ஆல் வகுங்க. 50 ஓம். உங்க குழி இந்த லட்சணத்துல இருக்கு."

கரண்ட் மண்ணுக்குள் இறங்க விடாமல் தடுக்கும் அந்த 50 ஓம் தடை என்ன செய்யும் என்று அவர் விளக்கியதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. பிரிட்ஜுக்குள் பேஸ் ஒயரே நேராக உடம்பில் பட்டாலும், 230 வோல்ட்டுக்கு 50 ஓம் வழியாக 4.6 ஆம்பியர்தான் ஓடும். 6 ஆம்பியர் ட்ரிப்பர்கூட (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச்) விழாது. பிரிட்ஜின் உடம்பு முழு கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும். ட்ரிப்பர் இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று நானும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அறுந்த இடம் ஹால் நிலைக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸில் கிடைத்தது. கறுப்பு டேப்பைப் பிரித்தார். உள்ளே முறுக்கியிருந்த காப்பர் கம்பி பச்சையாகப் பூத்து, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. இணைப்பைப் புதிதாகக் கனெக்டர் வைத்துப் போட்டார், டேப் சுற்றவில்லை. எர்த்தாக இருந்த ஒயரை எர்த்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

குழியையும் மாற்றினோம். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைப் பிடுங்கியபோது நடுவில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. உப்பும் கரியும் போட்டு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்குவது ஊர் வழக்கம். ஆனால் ஏற்கெனவே உப்பான மண்ணில் இன்னும் உப்பைக் கொட்டினால் பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. நாங்கள் காப்பர் பூசிய ராடு இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் நிரப்பினோம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். இடமும் மாற்றி, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம், தினமும் தண்ணீர் படும். மேலே ஒயர் இணையும் போல்ட்டில் வாஸலின் களிம்பு தடவி, மூடி போட்டாயிற்று. இப்போது மிக்ஸி ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்கூட வருவதில்லை.

ஆகவே, நியூட்ரல் கோளாறு என்று யார் வந்து சரிசெய்தாலும், போவதற்கு முன் எர்த் ஒயரில் கிளாம்ப் மீட்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே பெட்டியைத் திறந்து எதையும் தொட வேண்டாம். சாமானைத் தொட்டால் சுள்ளென்கிறது என்றால் மெயினை நிறுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை.

படி 7: ஆர்சிசிபி போட்டுவிட்டுக் கணக்கு முடியுங்கள்

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் அந்த அளவுக்குப் போனால் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். எங்கள் வீட்டில் முதலிலேயே இது இருந்திருந்தால், எர்த்தை நியூட்ரலாகக் கொடுத்த வேலை ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது, பட்டென்று விழுந்திருக்கும். மணல் மண்ணில் எர்த் எப்போது காயும் என்று சொல்ல முடியாது, அதனால் நம் கரையில் இது இல்லாத வீடு இருக்கவே கூடாது என்பது என் முடிவு.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கையாலேயே டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். அப்புறம் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். நான் தமிழ் மாதம் முதல் தேதியில் அழுத்துகிறேன், மறப்பதில்லை. ட்ரிப்பர்கள் இருக்கும் டிபி பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எந்த ட்ரிப்பர் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டவும் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுத் தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டார்: ஆர்சிசிபி போட்ட அன்றிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது, எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபி கெட்டது என்கிறார். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். இருந்தது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை, ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போவது ஆர்சிசிபி வழியாக, திரும்புவது வெளியே. விழத்தானே செய்யும்? நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்ததும் நின்றுவிட்டது.

தேவிபட்டினத்திலிருந்து இன்னொருவர்: மழையில் மட்டும் விழுகிறது. கடல் மணல் கலந்து பூசிய பழைய சுவர் ஐப்பசி வந்தால் வியர்க்கும், சுவிட்ச் பெட்டிக்குள் உப்புப் பூத்துக் கசியும். ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகக் கழற்றி மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைன்தான் ஆள். அவர் வீட்டில் அது வெளிச்சுவரில் இருந்த மோட்டார் சுவிட்ச்.

எர்த்தை எப்போது சோதிப்பது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். ஆடி, ஆவணியில். மழைக்குப் பிறகு சோதித்தால் மோசமான குழியும் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். எங்களுடையதும் கார்த்திகையில் அப்படித்தான் காட்டியிருக்கும். இந்த ஆடிக்கு அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன், அளவைப் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.