குளிர்ந்ததும் அடங்கிவிடும் என்று எழுதாதீர்கள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதிகுளிர் வாயுக்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னால், பாதிப் பேர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள்: “குளிரவைத்ததும் அணுக்கள் அசையாமல் நின்றுவிடுகின்றன.” அவர்களைக் குறைசொல்ல முடியாது. வெப்பநிலை என்றால் அணுக்களின் ஓட்டம் என்று படிப்பித்ததே நாங்கள்தான்.

குளிரும்போது அடங்குவது தாறுமாறான ஓட்டம் மட்டும். 1995இல் எரிக் கோர்னெல், கார்ல் வைமன் என்ற பௌதிகவியலாளர்கள் ரூபிடியம் வாயுவை ஏறத்தாழ 170 நானோகெல்வினுக்கு, அதாவது தனிப்பூச்சியம் என்னும் ஆகக் குறைந்த வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான அளவுக்குக் குளிர்வித்தபோது, அணுக்கள் ஒரே அலைபோல நடக்கத் தொடங்கின. இதுதான் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம். அந்த அலையைத் தள்ளலாம், கடையலாம், கொந்தளிக்கவும் வைக்கலாம். 2009இல் பிரேசிலில் ஒரு குழு அதைத்தான் செய்து காட்டியது. உறைந்த கட்டி என்றும் நினைக்காதீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றைவிட அது இலட்சம் மடங்கு ஐதானது.

அடுத்த சறுக்கல், இதைத் தேத்தண்ணிக் கோப்பைபோல நினைப்பது. கரண்டியால் மெல்லக் கலக்கினால் தேத்தண்ணி மெல்லச் சுழலும், வேகமாகக் கலக்கினால் வேகமாகச் சுழலும். ஒடுக்கத்தை மெல்லக் கலக்கினால் சுழியே வராது. ஒரு வேகத்தைத் தாண்டியதும் முழுதாக ஒரு சுழி நுழையும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. அரைச் சுழி கிடையாது. ஒவ்வொன்றின் சுற்றோட்டமும் (எவ்வளவு பலமாகச் சுழல்கிறது என்ற அளவு) பிளாங்கின் மாறிலி என்ற குவாண்டம் எண்ணை அணுவின் திணிவால் வகுத்தால் வரும் அளவு. ஆகவே இங்கே கொந்தளிப்பு என்பது பெரும்பாலும் ஒரே அளவான சுழிகள் நூல்போலச் சிக்குப்படுவது.

பாகுநிலை (ஓட்டத்தை மந்தமாக்கும் உள்ளுராய்வு) இல்லாததால் இந்தக் கொந்தளிப்பு ஓயாது என்று எழுதுவதும் பிழை. இரண்டு சுழிக்கோடுகள் குறுக்கிட்டால் அறுந்து, மாறி ஒட்டிக்கொள்ளும். அந்த அதிர்வில் சக்தி ஒலியலையாகக் கழன்றுவிடும்.

சுழி இல்லாமலும் கொந்தளிப்பு உண்டு. காலிமுகத்திடலில் நின்று பாருங்கள், பெரிய அலைகள் சிற்றலைகளுக்குச் சக்தியைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும். 2016இல் கேம்பிரிட்ஜில், ஒளியால் கட்டிய பெட்டிக்குள் ரூபிடியம் வாயுவை அங்குமிங்கும் உலுப்பியபோது பார்த்ததும் அலைகளுக்கிடையிலான இந்தக் கைமாற்றைத்தான்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, எந்த அளவில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கீறும் மடக்கை வரைபு. படித்திறன் −5/3 வந்தவுடன் “கொல்மகோரோவின் 1941 விதி நிரூபணம்!” என்று கோடு கீறிவிடுகிறார்கள். சாதாரண நீரிலும் காற்றிலும் கொந்தளிப்பின் சக்தி பெரிய சுழிகளிலிருந்து சிறியவற்றுக்கு எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் விதி அது. அதைச் சோதிக்க அகன்ற அளவு வீச்சு வேண்டும். கடலில் கிலோமீற்றரிலிருந்து மில்லிமீற்றர் வரை அளவுகள் விரிந்து கிடக்கின்றன. வாயு முகிலின் அகலமோ சில பத்து மைக்ரோமீற்றர். சுழியின் நடுத்துளை ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு. அந்த ஒடுங்கிய இடைவெளிக்குள் எந்த வளைவும் நேர்கோடுபோலத் தெரியும். போதாததற்கு, கேம்பிரிட்ஜ் பரிசோதனையில் அணுக்களின் உந்தப் பரம்பலுக்கு (எந்த உந்தத்தில் எத்தனை அணுக்கள் என்ற கணக்குக்கு) கிடைத்த அடுக்கு ஏறத்தாழ −3.5. அலைக் கொந்தளிப்புக்கு வேறு விதி. எதை எதற்கு எதிராகக் கீறினோம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

சரி, உலுப்பிக் கலங்கிய வாயுவின் வெப்பநிலை என்ன? அந்தக் கேள்வியே அவசரம். வெப்பநிலை, சக்தி அணுக்களிடையே பகிர்ந்து அடங்கிய சமநிலைக்கு உரிய சொல். உலுப்பினால் சற்று நேரத்தில் தானே சமநிலைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிக்காது. 2006இல் பென்சில்வேனியாவில், ஒற்றைப் பரிமாணக் குழாய்களில் மோதவிட்ட ரூபிடியம் அணுக்கள் ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் சமநிலையை எட்டவில்லை. 2018இல் ஹைடல்பேர்க்கிலும் வியன்னாவிலும் இன்னொரு வினோதம் கண்டார்கள். சமநிலைக்கு வெகுதொலைவிலேயே பரம்பல் தன் வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அளவுகோலை மட்டும் மாற்றியபடி நகர்ந்தது.

கடைசியாக, மறை வெப்பநிலை, அதாவது பூச்சியத்துக்குக் கீழான எண்ணாக வரும் வெப்பநிலை. தட்டையான வாயுவில் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஒரே திசையில் சுழலும் சுழிகள் கூட்டமாகச் சேர்ந்து, குழப்பம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். பௌதிகவியலாளர் லார்ஸ் ஒன்சாகர் 1949இல் சொன்னதை 2019இல் இரண்டு அவுஸ்திரேலியக் குழுக்கள் கண்ணால் கண்டன. சக்தி கூடும்போது குழப்பம் எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்துதான் வெப்பநிலையைக் கணிக்கிறோம். இங்கே குழப்பம் குறைவதால், அந்த நிலைக்குக் கணக்கு தரும் வெப்பநிலை மறைப் பெறுமானம். பிள்ளைகள் உடனே “தனிப்பூச்சியத்தையும்விடக் குளிர்” என்று எழுதுகிறார்கள். மறை வெப்பநிலையில் உள்ள பொருள், நேர் வெப்பநிலையில் உள்ள எதைத் தொட்டாலும் வெப்பத்தைக் கொடுக்கும், வாங்காது. சூட்டில் அதை மிஞ்ச சூரியனாலும் முடியாது.